காலருக்குள் இருந்த ராகு காலம்

சர்வதேச போலீஸைப் பற்றி எனக்குப் பெரிய கற்பனைகள் இருந்தன. ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார்கள், காதில் வயர் மாட்டியிருப்பார்கள், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே மனசில் இருப்பதைப் படித்துவிடுவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். புதியம்புத்தூரில் இருக்கிற என் தையல் யூனிட்டுக்கு அவர்கள் வந்து இறங்கியது இரண்டு வாடகைக் காரில். வந்ததும் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்று. பன்னிரண்டு மெஷின் ஓடுகிற என் யூனிட்டில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். வெள்ளைக்கார அதிகாரி அம்மாவுக்கு அந்தச் சட்டத்தை எங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் எப்படி விளக்கினாரோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. காலர் தைக்கிற அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, நல்ல குரல் என்றாள்.

அவர்கள் வந்த காரியம் சிரிக்கிற காரியம் இல்லை. அதற்கு ஐந்து மாதம் முன்னால், ஒரு பயணிகள் விமானம் ஆகாயத்திலேயே வெடித்து, ஐரோப்பாவில் ஒரு மலைக்காட்டில் விழுந்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பெட்டிக்குள் குண்டு வைத்து ஏற்றி அனுப்பியிருந்தான். அந்த விமானத்தில் என் தங்கையின் வீட்டுக்காரரும் இருந்தார். பசுவந்தனைக்காரர். வடக்கே ஏதோ ஒரு குளிர் தேசத்தில், கப்பல் பட்டறையில் வெல்டர். லீவு முடிந்து திரும்பிப் போனவர், வளைகுடாவில் இறங்கி இந்த விமானத்துக்கு மாறியிருக்கிறார்.

செத்தவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு அவரவர் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாப்பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை. அடையாளம் கண்டாயிற்று, ஆனால் விசாரணை முடியவில்லை என்று பதில் வந்தது. ஏன் இவருக்கு மட்டும் என்று கேட்டால், மேலே கேட்க வேண்டும் என்றார்கள். கலெக்டர் ஆபீஸிலும் மேலே, சென்னையிலும் மேலே. மேலே போனதால்தானே அவருக்கு இந்தக் கதி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காரியம் செய்யலாமா கூடாதா, தங்கை பொட்டு வைக்கலாமா கூடாதா என்று பசுவந்தனையில் கூடிக் கூடிப் பேசினார்கள். அவளைத் தவிர எல்லோரும் அதில் கருத்துச் சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவரைக் கொண்டுவந்து சொந்த ஊர்ச் சுடுகாட்டில் எரிக்க வேண்டும்.

அவரை நிறுத்தி வைத்திருந்த காரணம் என் கட்டிங் டேபிளின் மேல் வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை. அதிகாரி அம்மா ஒரு படத்தை எடுத்து வைத்தார். கருகிய துணித்துண்டு. குண்டு இருந்த பெட்டிக்குள் கிடந்த சட்டையின் காலர் என்றார். நீலத்தில் வெள்ளைக் கோடு. என் கையால் வெட்டிய துணியை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

அந்தக் காலரில் என்னுடைய லேபிள் இருந்தது. லேபிளில் இத்தாலியில் இருக்கிற ஒரு ஊரின் பெயர் இருந்தது. லேபிள் கடையில் எழுத்து அழகாக இருக்கிறதே என்று கட்டாக வாங்கி வந்தது அது. புதியம்புத்தூர் என்று போட்டால் புதியம்புத்தூர்க்காரனே வாங்க மாட்டான். இதனால் நடந்தது என்னவென்றால், உலகத்தின் தலைசிறந்த துப்பறிவாளர்கள் அந்த இத்தாலி ஊரில் இரண்டு மாதம் தையல்காரர் தையல்காரராக ஏறி இறங்கியிருக்கிறார்கள். நான் இங்கே வெங்காயச் சட்னி அரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு யாரோ ஒரு புத்திசாலி காலரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸுக்கும் துணிக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு இருந்திருக்கிறது. அதன் படத்தையும் அம்மா எடுத்து வைத்தார்.

"அண்ணாச்சி, இது என்னன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னத்தச் சொல்ல? தினசரிக் காலண்டர் தாளு."

"இதத்தான் நானும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சொன்னா எடுபடுதா? ரெண்டு மாசமா இதுக்குப் பெரிய பெரிய ஆளுகளை வச்சு அர்த்தம் பாத்திருக்காவ."

அர்த்தம் பார்த்ததில் தப்பில்லை. அந்தத் துண்டில் இருந்ததை மொழிபெயர்த்துக் கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மேஷம் பயணம். ரிஷபம் பயம். மிதுனம் வெற்றி. கடகம் நஷ்டம். கீழே ராகு 10.30 - 12.00, எமகண்டம் 3.00 - 4.30. பின்பக்கம் என் கையெழுத்தில் 17 என்றும் 42 என்றும் இரண்டு எண்கள். பயணம், பயம், வெற்றி, நஷ்டம் என்று வரிசையாக எழுதி நேரமும் குறித்து வைத்திருப்பவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான தமிழர்கள் தினமும் காலையில் இதைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்குகிறார்கள் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

நான் விளக்கினேன். துணியை வெட்டியதும் ஒவ்வொரு கட்டுக்கும் எண்ணும் சைஸும் எழுதி ஒரு சீட்டு வைப்போம். அதற்கென்று தாள் வாங்குவானேன்? முதல் நாள் கிழித்த காலண்டர் தாளை நாலாக வெட்டிக்கொள்வேன். பதினேழாவது கட்டு, நாற்பத்திரண்டு சைஸ், அவ்வளவுதான். தைக்கும்போது சீட்டை எடுத்துப் போட வேண்டும். எங்கள் காலர் அக்கா போனில் சீரியல் பார்த்துக்கொண்டே தைக்கிறவள். அன்றைக்கு மாமியாரும் மருமகளும் முடியைப் பிடித்துக்கொண்ட நேரமாக இருக்கும், சீட்டும் சேர்ந்து காலருக்குள் போய்விட்டது. தாளின் அடியில் காலண்டர் கொடுத்த மளிகைக்கடையின் ஊர்ப்பெயர் பாதி இருந்தது. தமிழ்நாட்டில் உள்ள புத்தூர்களையெல்லாம் சலித்து, ரெடிமேட் தைக்கிற புத்தூர் என்று கடைசியில் எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு மாப்பிள்ளையின் கணக்கு புரிந்தது. குண்டுப் பெட்டியில் தமிழ்க் காகிதம். விமானத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். போதாததற்கு வெல்டர். கம்பியும் நெருப்பும் தெரிந்தவர். செத்துப்போன மனுஷனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்திருந்தார்கள்.

"இந்தச் சட்டை எத்தனை தச்சீங்கன்னு கேக்குதாவ" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருநூறு."

"எல்லாம் எங்கன போச்சு?"

"வளைகுடாவுக்கு அனுப்புத வியாபாரிக்கு. அங்கன மார்க்கெட்ல விக்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே" என்றேன்.

பொய். அந்தத் துணியில் இருநூற்று ஆறு சட்டை விழுந்தது. மாப்பிள்ளை லீவு முடிந்து கிளம்பிய அன்று ரயிலேற்றி விட நான் மட்டும் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். "மச்சான், பட்டறையில கூட வேல பாக்கவனுகளுக்குக் குடுக்கணும், ஏதாச்சும் சட்டை இருக்கா?" என்று முந்தின நாளே போனில் கேட்டிருந்தார். ஆறு சட்டையை அயர்ன் பண்ணி, பின் குத்தி, கவர் போட்டு எடுத்துப் போனேன். பெட்டியில் ஊசி போக இடமில்லை. தங்கை ரெண்டு கிலோ கம்பு மாவை உள்ளே திணித்திருந்தாள். குளிர் தேசத்தில் போய்க் கம்பங்களி கிண்டித் தின்பாராம். "இதைத் தூக்கிட்டு அதை வைங்க மச்சான். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, கொன்னுருவா" என்றார். மாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் களி கிண்டித் தின்றேன். நல்ல மாவு.

அந்த ஆறு சட்டையைச் சொன்னால் அவருடைய கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் எல்லாமே என்றேன். அதிகாரி அம்மா அதை அழகாக எழுதிக்கொண்டார்.

அடுத்து பசுவந்தனைக்குக் கிளம்பினார்கள். சொந்தக்காரன் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். ஐப்பசி மாதம். முந்தின நாள் நல்ல மழை. காரை ஊருக்குள் நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று நான் சொன்னேன். தங்கை வீடு ஊருக்கு வெளியே காட்டை ஒட்டி இருக்கிறது. டெல்லியிலிருந்து வந்த அதிகாரி, வேண்டாம், போகலாம் என்று கையை ஆட்டினார். கரிசல் மண்ணுக்கு டெல்லி தெரியாது. முன் சக்கரம் இரண்டும் முழங்கால் அளவுக்குப் புதைந்து நின்றன. உளுந்துக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த மூன்று பேர் வந்து சர்வதேச விசாரணையைத் தள்ளிவிட்டார்கள். அந்த அம்மாவின் ஒரு ஷூ மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவர் ஒற்றை ஷூவோடு முகம் சுளிக்காமல் நடந்து வந்தார். எனக்கு அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

தங்கை மக்காச்சோளத்துக்கு மருந்தடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். படைப்புழு ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம், நடுவில் போலீஸ். எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாள். காப்பி வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டாள்.

பெட்டியில் என்னென்ன இருந்தது என்று கேட்டார்கள். அதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி ஒப்பித்தாள். பெட்டி அடுக்கியது அவள்தானே. அவரோடு அவள் கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

"பழைய சட்டை நாலு. பேண்ட்டு மூணு. முறுக்கு, எள்ளுப்பொடி, கருப்பட்டி. ரெண்டு கிலோ கம்பு மாவு, நானே திரிச்சது."

கம்புக்கு இங்கிலீஷில் என்ன என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மாவு, தூள், என்று சொல்லி வைத்தார். அதிகாரி அம்மாவின் பேனா நின்றது. டெல்லிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாம்பல் நிறத் தூள், இரண்டு கிலோ. எந்தக் கடையில் வாங்கியது, யார் கொடுத்தது, எதில் கட்டியது, மிச்சம் இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி. தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவிய கம்மங்களிதான் திம்பாவ, அரிசிச்சோறு செமிக்காது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புதுச்சட்டை எதுவும் வச்சாவளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுகூட இல்ல. நான்தான அடுக்குனேன், எனக்குத் தெரியாதா?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு வாய்த்த நிலைமையை என் எதிரிக்கும் வேண்ட மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை இரண்டு கிலோ மர்மத் தூளோடு விமானம் ஏறியவர். வாயைத் திறந்தால் குண்டுப் பெட்டிச் சட்டையோடு விமானம் ஏறியவர். எது நல்லது? எந்த ராசிக்காரனுக்கும் காலண்டரில் இதற்குப் பலன் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு நிமிஷம் யோசித்தேன். தங்கை அவர்களிடம் அந்த மாவின் அருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த மாவு பிளைட்ல போகல. நான்தான் தின்னேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அதை மொழிபெயர்க்க மறந்துவிட்டார். "நீங்க எதுக்கு அண்ணாச்சி தின்னீங்க?"

"பெட்டியில எடமில்ல. எடுத்துட்டேன்."

"எதுக்கு எடமில்ல?"

"ஆறு சட்டை வச்சேன். அதே நீலச் சட்டை. கவர் பிரிக்காத ஆறு சட்டை."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எழுத விரும்பவில்லை. அவள் கட்டி வைத்த பெட்டியை அவளுக்குத் தெரியாமல் திறந்து மூடியிருக்கிறேன் என்பதுதான் முதலில் அவளுக்கு உறைத்தது. சட்டை என்றால் என்ன அர்த்தம் என்பது பிறகுதான் உறைத்தது. அதிகாரி அம்மா முன்பு எழுதியதை அழகாகக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆறு என்பதை மட்டும் என்னிடம் மூன்று தடவை கேட்டார். விரல் விட்டுக் காட்டினேன்.

அவர்கள் போன பிறகு தங்கை ஒரே வார்த்தை சொன்னாள். "நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா அவிய இந்நேரம் அங்கனருந்து ஊருக்குக் கிளம்பியிருப்பாவ."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வாய்மையே வெல்லும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. எப்போது வெல்லும் என்று எழுதவில்லை. வாய்மை வென்று முடிக்கும்வரை மனுஷன் எங்கே போய் நிற்பது? டிவியில் என் யூனிட்டின் ஷட்டரைக் காட்டினார்கள். பின்னணியில் திடுக்கிடும் இசை. இத்தனை காலம் பக்கத்தில் டீ குடித்த ஒருவர் அந்த ஷட்டருக்கு முன்னால் நின்று, எனக்கு அப்பவே சந்தேகம் என்று மைக்கில் சொன்னார். டீயில் சர்க்கரை போதுமா என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு எதையும் சந்தேகப்பட்டதாக நான் அறியேன். பசுவந்தனையில் மாப்பிள்ளையின் கண்ணீர் அஞ்சலி பேனரை யாரோ கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். தங்கை உளுந்துக்காட்டுக்குப் போனால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொங்கலுக்கு நான் கொண்டுபோன பொங்கல்படிச் சீரை அவள் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினாள். பிறந்த வீட்டுப் படியைத் திருப்பினால் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. கரும்பை பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்.

அங்கே மலையில் பனி விழுந்துவிட்டதாம். அது விலகிய பிறகுதான் மாப்பிள்ளையின் பெட்டியைத் தேட முடியுமாம். வைகாசி வரைக்கும் நாங்கள் வெயிலில் கிடந்து அங்கே பனி உருகுவதற்குக் காத்திருந்தோம்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, கெடச்சிட்டு. உங்க மாப்பிள்ளை பெட்டி ஒரு பள்ளத்துல பூட்டோட கெடந்திருக்கு. ஆறு சட்டையும் பின்கூட கழட்டாம இருக்காம். நீங்க ஆறுன்னு சொன்னதாலதான் எண்ணிப் பாத்திருக்காவ. அப்போ குண்டுப் பெட்டியில கெடந்தது கடையில வித்த இருநூறுல ஒண்ணு. வாங்குனவன் யாருன்னும் அங்கன கடைக்காரர் அடையாளம் காட்டிட்டாராம். உங்க மாப்பிள்ளை மேல ஒண்ணுமில்ல. அனுப்புதாவ."

நான் மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். காலர் அக்கா அழுதாள். என் சீட்டாலதானே இவ்வளவும் என்றாள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கொலைகாரன் அகப்பட்டிருக்கமாட்டான் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அது உண்மைதான். அவளுடைய சீரியல் ஒரு பன்னாட்டுக் குற்றத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. பாராட்டுப் பத்திரம் இன்னும் வரவில்லை.

மாப்பிள்ளை மதுரை வரை விமானத்திலேயே வந்தார். அங்கிருந்து ஆம்புலன்ஸ். கூடவே ஒரு கடிதம். சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறோம் என்று எங்கேயும் எழுதவில்லை. வழக்குக்குத் தேவையில்லாத பொருட்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பை தனியாக வந்தது. படம் எடுத்துக்கொண்டு திருப்பிவிட்டார்களாம். அதற்குள் ஆறு சட்டை.

ஊர் முழுக்க வந்திருந்தது. சந்தேகப்பட்டவர்கள்தான் முதலில் வந்து சத்தமாக அழுதார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தபோது இரண்டு பேர் கைகொடுக்க ஓடி வந்தார்கள். தேவைப்படவில்லை. பெட்டியை நான் ஒருவனே தூக்கிவந்துவிட்டேன். தங்கை பாயை விரித்தாள். அதன்மேல் இறக்கி வைத்தேன். அதைப் பார்த்ததும் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

தங்கை அழவில்லை. பிளாஸ்டிக் பையைப் பிரித்து, கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"ஆறும் முழுசா வந்திருக்கு பாத்தியாண்ணே" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. "எம்புட்டு உசரத்துல இருந்து விழுந்திருக்கு. ஒரு கசங்கல் இல்ல."

அவள் ஒரு கவரை என் கையில் வைத்தாள்.

"ஒண்ண அவியளுக்குப் போட்டுவிடு."

பின்களை எடுத்தேன். காலருக்குள் வைத்த அட்டையை எடுத்தேன். நாற்பத்திரண்டு சைஸ், முழுக்கை. தோள் அகன்ற மனுஷன், நாற்பத்திரண்டே அவருக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். சட்டையைப் பெட்டியின்மேல் விரித்து, பட்டன்களைப் போட்டேன். முன்பக்கம் மட்டுமே பெட்டியை முழுவதும் மூடிவிட்டது. கைகள் இரண்டும் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தன. யாரும் மிதித்துவிடாமல் அவற்றை மடித்து அடியில் செருகினேன்.